தமனிச் சுண்ணாம்பை இரத்தம் சொல்லுமா?

இதயத் தமனியில் சுண்ணாம்பு இறுகிவிட்டால் பலூன் விரியாது. பலூன் விரியாத இடத்தில் ஸ்டென்ட் ஒழுங்காக உட்காராது. அந்த நேரத்தில் இதய மருத்துவர் கையில் எடுப்பது வைரத்துகள் பதித்த ஒரு சின்னஞ்சிறு உருண்டை. ஒன்றேகால் மில்லிமீட்டரிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் வரை அளவுள்ள அது, மெல்லிய கம்பி ஒன்றின்மேல் ஏறித் தமனிக்குள் போய், நிமிடத்துக்கு 1,40,000 முதல் 1,80,000 சுற்று வரை சுழன்று, அடைப்பிலுள்ள சுண்ணாம்பைச் சிவப்பணுவைவிடச் சிறிய பொடியாக அரைக்கிறது. கோவையின் பெரிய இதய மருத்துவமனைகளுக்கு இது பழகிப்போன சிகிச்சை. அரைபடும் அந்தச் சுண்ணாம்பு ஒரே இரவில் வந்ததில்லை. பத்து, இருபது ஆண்டுகளாகச் சேர்ந்தது. அத்தனை ஆண்டுகளில் அந்த மனிதர் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் எத்தனையோ முறை இரத்தம் கொடுத்திருப்பார். தமனியின் நிலையைச் சொல்லும் புரதம் ஏதாவது அந்த இரத்தத்தில் இருந்திருக்குமா, இருந்திருந்தால் அதை நம்பி எதையாவது செய்திருக்க முடியுமா என்பதே இங்கே கேள்வி. என் விடை இது: அப்படிப்பட்ட புரதங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றின் அளவு கொங்கு நாட்டு உடம்பில் எதைக் குறிக்கிறது என்பதை, இந்த மக்களையே ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்க்காமல் சொல்ல முடியாது. அந்த வேலை முடிவதற்கு முன்பே அவற்றை மாஸ்டர் செக்கப் பட்டியலில் சேர்த்து விற்பது நோயாளிக்கு நன்மை செய்யாது.

முதலில், தமனியில் சுண்ணாம்பு எப்படிச் சேர்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் உப்புப் படிவதைப் போல வயதாக ஆகக் கால்சியம் தானாகப் படிந்துவிடுகிறது என்றுதான் மருத்துவ உலகமும் நெடுங்காலம் எண்ணியிருந்தது. 1993-இல் போஸ்ட்ரமும் லிண்டா டெமரும் சேர்ந்த கலிஃபோர்னியக் குழுவினர், மனிதத் தமனியின் சுண்ணாம்பேறிய அடைப்புகளில் எலும்பை உருவாக்கத் தூண்டும் பிஎம்பி-2 என்ற புரதம் இருப்பதைக் காட்டினார்கள். அதன் பிறகு பார்வை மாறியது. தமனிச் சுவரின் தசைச் செல்கள் தம் வேலையை விட்டுவிட்டு எலும்புச் செல்களைப் போல நடக்கத் தொடங்குகின்றன. எலும்பு கட்டும் கருவிகளையே பயன்படுத்திச் சுவருக்குள் எலும்பின் தாதுவை அடுக்குகின்றன. இது இரண்டு இடங்களில் நடக்கிறது. உட்சுவரில் கொழுப்புப் படிவோடு சேர்ந்து வருவது ஒன்று. மாரடைப்போடு நேரடி உறவுள்ளது அதுவே. நடுச்சுவரில் கொழுப்பே இல்லாமல் வருவது மற்றொன்று. 1903-இல் மோன்கபெர்க் விவரித்தது. சர்க்கரை நோயாலும் சிறுநீரகப் பழுதாலும் இரண்டாவது வகை வேகமாக வளர்கிறது. கால் புண்ணோடு வரும் சர்க்கரை நோயாளியின் பாத எக்ஸ்ரேயில் எலும்புகளுக்கு இடையே இரண்டு வெள்ளைக் கோடுகள் இணையாக ஓடுவது தெரியும். அது சுண்ணாம்பேறிய தமனியின் சுவர். ஒரே மனிதரின் உடலில் இந்த இரண்டு வகையும் சேர்ந்தே இருக்கலாம் என்பதை மறக்கக்கூடாது. இரத்தத்திலுள்ள புரதம் எந்தச் சுவரிலிருந்து பேசுகிறது என்று அதன் அளவை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

கால்சியமும் பாஸ்பேட்டும் இரத்தத்தில் எப்போதும் படியத் தயாரான அளவில்தான் இருக்கின்றன. அப்படியிருந்தும் நாம் கல்லாகிப் போகாததற்குக் காரணம், அவற்றைப் படியவிடாமல் தடுக்கும் புரதங்கள். அவற்றில் முதன்மையானது மேட்ரிக்ஸ் ஜிஎல்ஏ புரதம், சுருக்கமாக எம்.ஜி.பி. 1997-இல் ஜெரார்ட் கார்சென்டியின் குழு இந்தப் புரதத்துக்கான மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கியது. பிறக்கும்போது நன்றாக இருந்த அந்த எலிகளின் தமனிகள் விரைவிலேயே சுண்ணாம்பாகி, இரண்டு மாதங்களுக்குள் பெருந்தமனி வெடித்து அவை இறந்துபோயின. ஒரே ஒரு புரதம் இல்லாமல் போனதன் விளைவு இது. எம்.ஜி.பி. வேலை செய்ய வைட்டமின் கே வேண்டும். வைட்டமின் கே போதாவிட்டால் புரதம் உருவாகும், ஆனால் செயலற்ற வடிவத்திலேயே நின்றுவிடும். அந்தச் செயலற்ற வடிவத்தை இரத்தத்தில் அளக்க முடியும். அதன் அளவு அதிகமாக இருந்தால் தமனியின் காவல் தளர்ந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். ஊகம் அழகானது. ஆனால் மூட்டுவாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டு, உலோக வால்வு பொருத்திக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ அசெனோகூமரோலோ சாப்பிடுபவர்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். அந்த மருந்துகள் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்தே பலன் தருகின்றன. அவர்களுடைய இரத்தத்தில் செயலற்ற எம்.ஜி.பி. ஏறித்தான் இருக்கும். மருந்துச் சீட்டைப் பார்க்காமல் அந்த எண்ணை மட்டும் படிப்பவர் தவறாகவே படிப்பார். கீரையைத் தொடவே கூடாது என்று பயந்து வாழும் வால்வு நோயாளிகளுக்கு இன்னொரு பயத்தைச் சேர்ப்பதுதான் மிச்சமாகும்.

ஃபெட்யூயின்-ஏ-யின் கதை இன்னும் சிக்கலானது. என் வாதத்துக்கு வலுவான சான்றும் அதுதான். கல்லீரல் சுரக்கும் இந்தப் புரதம், இரத்தத்தில் உருவாகும் கால்சியம் பாஸ்பேட் நுண்மணிகளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு அவை பெரிதாகாமல் தடுக்கிறது. 2003-இல் ஜெர்மனியைச் சேர்ந்த மார்கஸ் கெட்டெலரும் சகாக்களும் டயாலிசிஸ் செய்துகொள்ளும் 312 பேரை ஆராய்ந்து, ஃபெட்யூயின் குறைவாக இருந்தவர்கள் அதிகமாக இறந்ததைக் காட்டினார்கள். குறைந்தால் ஆபத்து என்பது அப்போது தெளிவான முடிவாகத் தோன்றியது. ஐந்தே ஆண்டுகளில் அதே ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் பொதுமக்களைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று, ஃபெட்யூயின் அதிகமாக இருந்தவர்களுக்கே மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததைக் கண்டது. இரண்டும் உண்மைதான். இந்தப் புரதம் தமனியில் சுண்ணாம்பைத் தடுக்கிறது. அதே சமயம் இன்சுலின் வேலை செய்யும் வழியையும் தடுக்கிறது. ஆகவே சர்க்கரை நோய்க்குப் போகும் பாதையில் இருப்பவருக்கு அது ஏறியிருக்கும். சிறுநீரகம் செயலிழந்து, உடல் வற்றி, அழற்சியோடு இருப்பவருக்கு இறங்கியிருக்கும். கொங்கு நாட்டில் பலருக்கு முதலில் சர்க்கரை நோய், பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துச் சிறுநீரகப் பழுது என்ற வரிசையில்தான் நோய் நகர்கிறது. அந்த ஒரே ஆளின் வாழ்நாளில் ஃபெட்யூயின் முதலில் ஏறி, பிறகு இறங்கலாம். நடுவில் ஒரு நாள் எடுத்த இரத்தத்தில் அளவு இயல்பாக இருக்கிறது என்று அச்சிட்டுக் கொடுத்தால், அந்த இயல்பு எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கும் வழியில் எடுத்தது என்று யாருக்குத் தெரியும்?

ஆஸ்டியோபுரோடெஜெரின் என்ற மூன்றாவது புரதம் இதையே இன்னொரு கோணத்தில் காட்டுகிறது. எலும்பு கரைவதைத் தடுக்கும் புரதம் இது. இது இல்லாத எலிகளுக்கு எலும்பு நொய்ந்தது, தமனியில் சுண்ணாம்பு ஏறியது என்று 1998-இல் தெரியவந்தது. எனவே மனிதர்களில் இது குறைவாக இருந்தால்தான் ஆபத்து என்று எதிர்பார்ப்போம். ஆய்வுகளிலோ, இரத்தத்தில் இது அதிகமுள்ளவர்களிடமே தமனிச் சுண்ணாம்பும் இதய நோயும் அதிகம் காணப்பட்டன. தமனி கெடத் தொடங்கியதும் உடல் காவலைக் கூட்டுகிறது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். தாக்குதலைத் தடுக்கக் காவலர்கள் குவிந்திருக்கும் இடத்தைப் பார்த்துக் காவலர்களே கலகக்காரர்கள் என்று முடிவு கட்டக் கூடாது. அவர்கள் குறைந்திருப்பதைப் பார்த்து ஊர் அமைதியாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. இந்தப் புரதங்களில் பெரும்பாலானவை நோயின் காரணத்தைவிட உடலின் எதிர்ப்பையே நமக்குக் காட்டுகின்றன. எதிர்ப்பின் அளவுக்கு ஒரு நாளில் எடுத்த ஒற்றை எண்ணில் நிலையான பொருள் கிடையாது. காலமும் ஆளும் தெரிந்தால்தான் பொருள் கிடைக்கும்.

புரதத்தைச் சரிபார்க்க நாம் வைத்திருக்கும் அளவுகோலும் குறையற்றதாக இல்லை. 1990-இல் ஆர்தர் அகாட்ஸ்டன் வகுத்த மதிப்பெண்தான் அது. மருந்து எதுவும் செலுத்தாமல் சி.டி. எடுத்து, இதயத் தமனியில் குறிப்பிட்ட அடர்த்திக்கு மேல் வெளுத்துத் தெரியும் பகுதிகளைக் கணக்கிடுவார்கள். கூட்டுத்தொகை பூச்சியமானால் அடுத்த பத்தாண்டுக்கு ஆபத்து குறைவு. நூறைத் தாண்டினால் கவனம். நானூறைத் தாண்டினால் தீவிர சிகிச்சை. அமெரிக்காவில் 2000-இல் தொடங்கிய மேசா ஆய்வு 6,814 பேரைப் பின்தொடர்ந்து இந்த மதிப்பெண்ணின் வலிமையை நிறுவியது; அதை மறுக்க நான் வரவில்லை. ஆனாலும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டால் மாரடைப்பு குறைகிறது, சுண்ணாம்பு மதிப்பெண் கூடுகிறது. மென்மையான கொழுப்புப் படிவு இறுகிக் கெட்டியாவதே அதற்குக் காரணம். பல ஆண்டுகள் மாரத்தான் ஓடியவர்களுக்கும் மதிப்பெண் கூடுகிறது. கெட்டியாகித் திரண்ட சுண்ணாம்பைவிட, சி.டி.யில் தெரியாத அளவுக்குப் பொடியாகச் சிதறிய நுண்சுண்ணாம்பே அடைப்பின் மேலுறையைக் கிழிக்கும் அபாயம் கொண்டது. 2022-இல் டென்மார்க்கில் நெஞ்சுவலியோடு வந்த 23,759 பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, நாற்பது வயதுக்குட்பட்டு உண்மையாகவே தமனி அடைத்திருந்தவர்களில் 58 விழுக்காட்டினருக்குச் சுண்ணாம்பு மதிப்பெண் பூச்சியம். எழுபதைத் தாண்டியவர்களில் அப்படி இருந்தவர்கள் 5 விழுக்காடு மட்டுமே. சுண்ணாம்பு மதிப்பெண்ணோடு பொருந்துகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு புரதத்தைத் தேர்ந்தெடுத்தால், மதிப்பெண்ணின் இந்தக் குருட்டுப் பகுதியும் அந்தப் புரதத்தோடு சேர்ந்தே வரும்.

அந்தக் குருட்டுப் பகுதி நமக்கு மற்றவர்களைவிடப் பெரிது. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகளில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது. மற்றவர்களுக்குக் கிட்டத்தட்ட 59. ஆறு ஆண்டு வித்தியாசம். இதற்குக் காரணம் தமனிச் சுண்ணாம்பு என்றால், தெற்காசியரின் தமனிகளில் அது மற்றவர்களைவிட அதிகமாகத் தெரிந்திருக்க வேண்டும். 2010 முதல் சான் ஃபிரான்சிஸ்கோ, சிகாகோ பகுதிகளில் 906 தெற்காசியர்களைச் சேர்த்த மசாலா ஆய்வு, வயதைக் கணக்கில் கொண்டபின் தெற்காசிய ஆண்களின் சுண்ணாம்பு வெள்ளையர் ஆண்களின் அளவிலேயே இருப்பதைத்தான் கண்டது. அதாவது, சுண்ணாம்பு அதிகமாகத் தெரியாமலேயே நம் மக்களுக்கு மாரடைப்பு முந்தி வருகிறது. சுண்ணாம்பாக மாறுவதற்கு முன்னேயே உடையும் இளம் படிவுகள் இதில் பங்கு வகிக்கின்றன என்பது நியாயமான சந்தேகம். திருப்பூரில் பின்னலாடைக் கம்பெனியிலும், பல்லடத்திலும் சோமனூரிலும் விசைத்தறியிலும் இராப்பகலாய் ஷிப்ட் பார்த்து, நாற்பத்தைந்து வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரும் தொழிலாளிக்குச் சுண்ணாம்பைச் சொல்லும் புரதம் மிகத் தாமதமான செய்தியாகவே போய்ச் சேரும்.

இதற்கு வரும் முதல் மறுப்பை நான் மதிக்கிறேன். சி.டி. இயந்திரம் பெரிய ஊரில் இருக்கிறது. சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. கதிர்வீச்சும் கொஞ்சம் உண்டு. தாராபுரத்திலோ அந்தியூரிலோ இருப்பவர் அதற்காக ஒரு நாள் கூலியை விட்டு வர வேண்டும். இரத்தமோ குழாயில் அடைபட்டுக் குளிர்பெட்டியில் பயணம் செய்யும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் வீட்டுக்கே மருந்து கொண்டுபோகும் மாநிலத்தில், வீட்டுக்கே போய் இரத்தம் எடுப்பது பெரிய காரியமில்லை. இந்த மறுப்பு முழுக்கச் சரி. ஆனால் இது என் கருத்துக்கு எதிராகப் போகவில்லை. மலிவாகப் பயணிக்கும் பரிசோதனை தவறான விடை தந்தால், அந்தத் தவறும் மலிவாக எல்லா ஊருக்கும் போய்ச் சேரும். பூச்சியத்தைப் போன்ற ஓர் ஆறுதலை வாங்கிக்கொண்டு புகையையும் இரத்தக் கொதிப்பையும் அப்படியே விட்டுவிடும் ஒருவருக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

இரண்டாவது மறுப்பு இன்றைய அறிவியலின் வேகத்திலிருந்து வருகிறது. ஒரு புரதத்தை ஏன் பார்க்க வேண்டும், ஆயிரக்கணக்கில் பார்க்கலாமே என்கிறார்கள். பிரிட்டனின் யுகே பயோபேங்க் 54,000-க்கும் மேற்பட்டோரின் இரத்தத்தில் 2,900-க்கும் மேற்பட்ட புரதங்களை அளந்து 2023-இல் வெளியிட்டது. இதய ஆபத்தைக் கணிப்பதில் இந்த முறை எவ்வளவு உதவும் என்பதை ஐஸ்லாந்தின் டீகோட் நிறுவனம் அதே ஆண்டில் 13,540 பேரிடம் சோதித்தது. வயது, இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம், சர்க்கரை ஆகியவற்றோடு புரத மதிப்பெண்ணைச் சேர்த்தபோது கணிப்பு மேம்பட்டது உண்மை. ஆனால் அந்த மேம்பாடு சிறிது. ஆயிரக்கணக்கான புரதங்களைக் கணினி சலித்துத் தந்த பட்டியல், எந்த மக்களிடம் சலிக்கப்பட்டதோ அந்த மக்களின் உணவையும் சிறுநீரகத்தையும் மருந்துகளையும் தன்னுள் சுமந்திருக்கும். யுகே பயோபேங்கில் தெற்காசியர்கள் மிகச் சிறுபான்மை. அந்தப் பட்டியலை ஈரோட்டில் அப்படியே பயன்படுத்தலாம் என்பவர்தான் அதற்கான சான்றைத் தர வேண்டும்.

இரத்தத்தில் புரத அளவு மாறினால் நோயும் மாறும் என்ற நம்பிக்கைக்கு டென்மார்க்கில் நடந்த அவாடெக் பரிசோதனை கொடுத்த பதிலை ஒவ்வொரு பரிசோதனைக்கூட உரிமையாளரும் படிக்க வேண்டும். பெருந்தமனி வால்வில் சுண்ணாம்பேறிய 365 ஆண்களில் ஒரு பாதியினருக்கு இரண்டு ஆண்டுகள் வைட்டமின் கே2-வும் வைட்டமின் டி-யும் கொடுத்தார்கள். செயலற்ற எம்.ஜி.பி. எதிர்பார்த்தபடி நன்றாகவே குறைந்தது. வால்வின் சுண்ணாம்போ, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்ந்தது. 2022-இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகும் கே2 மாத்திரைகள் தமனியைச் சுத்தம் செய்யும் என்ற விளம்பரங்கள் வருவது வருத்தமளிக்கிறது. நோயாளியின் கையிலிருக்கும் காகிதத்தில் எண் இறங்குகிறது, அவர் நிம்மதியடைகிறார், அவருடைய வால்வு தன் போக்கில் இறுகிக்கொண்டிருக்கிறது. நோயைத் தொடாமல் எண்ணை மட்டும் திருத்தும் மருத்துவம் ஏழையிடம் பணத்தையும் காலத்தையும் சேர்த்தே பறிக்கும்.

இந்தத் துறையில் எனக்கு உண்மையான நம்பிக்கை தரும் வேலை வேறு திசையில் நடக்கிறது. ஆண்ட்ரியாஸ் பாஷ் 2012-இல் அறிமுகப்படுத்திய டி50 என்ற சோதனை, எந்தத் தனிப் புரதத்தையும் அளப்பதில்லை. நோயாளியின் சீரத்தில் கூடுதலாகக் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கலந்து, தீங்கில்லாத உருண்டை மணிகள் ஊசி முனைகள் கொண்ட படிகங்களாக மாற எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்று பார்க்கிறது. நேரம் நீண்டால் இரத்தத்தின் தடுப்பாற்றல் நன்றாக இருக்கிறது. ஃபெட்யூயினும் மக்னீசியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து என்ன செய்கின்றன என்ற மொத்தக் கணக்கு அது. சிறுநீரக நோயாளிகளில் நேரம் குறைந்தவர்கள் அதிகமாக இறந்தது 2014-இல் காட்டப்பட்டது. பெயர்ப்பட்டியலைப் படிப்பதைவிட, வேலை நடக்கிறதா என்று பார்க்கும் இந்த முறைதான் கேள்விக்கு நெருக்கமானது.

ஆகவே மக்களைப் பின்தொடரும் ஆய்வைக் கொங்கு நாட்டில் தொடங்க வேண்டிய இடம் டயாலிசிஸ் பிரிவுகள் என்பது என் முடிவு. அங்கே வருபவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வருகிறார்கள். இரத்தம் எப்படியும் எடுக்கப்படுகிறது. தமனிச் சுண்ணாம்பு அவர்களிடம் வேகமாக வளர்வதால், பொதுமக்களிடம் பதினைந்து ஆண்டு காத்திருக்க வேண்டிய விடை அவர்களிடம் மூன்று நான்கு ஆண்டுகளில் கிடைக்கும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி, கோவையின் தனியார் மருத்துவக் கல்லூரிகள் ஆகியவை சேர்ந்தால் போதுமான எண்ணிக்கை கிடைக்கும். இப்படிச் சேர்ந்து வேலை செய்வது இங்கே முடியாது என்று சொல்ல இடமில்லை. கோவை மெடிக்கல் சென்டர் மருத்துவமனையின் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையின் அஜித் முல்லசாரியும் முன்னின்று நடத்திய தமிழ்நாடு ஸ்டெமி திட்டம், சிற்றூர் மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு ஆம்புலன்ஸ் வழியாக இணைத்து, 2,420 மாரடைப்பு நோயாளிகளைப் பதிவுசெய்து, ஓராண்டு இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்ததை 2017-இல் உலகத்துக்குக் காட்டியது. ஓராண்டு வரை ஒவ்வொருவரையும் தேடிப்போய் விசாரித்த அந்தக் கட்டமைப்பும் பழக்கமும்தான் இந்த ஆய்வுக்கும் வேண்டும்.

அடுத்த கட்டமாகப் பொதுமக்கள் குழுவைச் சேர்க்கும்போது தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துக் கிராமங்களை விட்டுவிடக் கூடாது. நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்த பகுதி அது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். ஃப்ளூரைடு எலும்பின் வளர்சிதை மாற்றத்தை மாற்றுகிறது. ஆஸ்டியோபுரோடெஜெரின் போன்ற புரதங்கள் எலும்பிலிருந்தும் இரத்தத்துக்கு வருகின்றன. பல்லில் ஃப்ளூரைடுக் கறையோடு வளர்ந்த தலைமுறையின் இரத்தத்தில் இந்தப் புரதங்களின் இயல்பளவு வேறாக இருக்க நல்ல காரணம் இருக்கிறது. ஐஸ்லாந்தின் அட்டவணை இதற்கு உதவாது.

அதுவரை, நாற்பதை நெருங்கும் ஒருவர், அதிலும் தந்தையோ அண்ணனோ ஐம்பத்தைந்துக்கு முன் மாரடைப்பில் போன குடும்பத்தைச் சேர்ந்தவர், இரத்தத்தில் எதைப் பார்க்கலாம் என்று கேட்டால் விடை இருக்கிறது. கெட்ட கொழுப்புத் துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அப்போ-பி என்ற புரதம், பிறவியிலேயே அளவு தீர்மானிக்கப்பட்டுவிடுவதால் வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும் என்று 2019-இன் ஐரோப்பிய வழிகாட்டி சொல்லும் லிப்போபுரோட்டீன்-ஏ, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின். லிப்போபுரோட்டீன்-ஏ வால்வுச் சுண்ணாம்புக்கு வெறும் அடையாளமாக நிற்காமல் காரணமாகவே இருக்கிறது என்பதை 2013-இல் வெளியான மரபணு ஆய்வு வலுவாகக் காட்டியது. மேலே பார்த்த காவல் புரதங்களுக்கு அந்த வகைச் சான்று இன்னும் கிடைக்கவில்லை. இந்தப் பட்டியலிலுள்ள எதுவும் புதுமையானதில்லை. பெரும்பாலானவற்றை மாவட்டத் தலைநகரிலேயே செய்துகொள்ளலாம். இவற்றில் ஏதாவது மோசமாக வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது மருத்துவருக்குத் தெரியும். ஸ்டாட்டின், இரத்த அழுத்த மாத்திரை, புகையை நிறுத்துதல் ஆகியவை மாரடைப்பைக் குறைப்பது பெரும் ஆய்வுகளில் நிரூபணமானது. ஃபெட்யூயின் குறைவு என்று காகிதம் வந்தால் எந்த மருத்துவரிடமும் அதற்கென்று எழுதிக் கொடுக்க ஒரு மாத்திரை இன்று கிடையாது.